காளவாசல் தெருக் கிரகணம்

விருதுநகருக்குத் தெற்கே, வெயிலைத் தவிர வேறெதுவும் தாராளமாகக் கிடைக்காத ஓர் ஊரில், ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசல்கள் எரிந்ததால் காளவாசல் தெரு என்று பெயர் பெற்ற தெருவில், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உச்சிப்பொழுதில், வெயில் விழுவது நின்றுபோனது. தெரு நெடுகப் பழைய சேலைகளை விரித்து அப்பளம் காயப்போட்டிருந்த பெண்கள், மேகம் கூடிவிட்டது போல என்று மழைக்குப் பயந்து அப்பளத்தை அள்ளிக்கொண்டு ஓடினார்களே தவிர ஒருத்திகூட அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை என்பதும், சூரியன் தன் இடத்தில் தன்பாட்டுக்கு இருக்கிறது என்பதும், அடுத்த தெருவில் தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். தெருமுனை டீக்கடை வாசலில் நூல் பிடித்து அடித்தாற்போல் ஒரு கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்து மங்கல். டீக்கடைக்காரர் தன் பெஞ்சுகளில் ஒன்றைத் தூக்கி மங்கல் பக்கம் போட்டார், உட்கார்ந்தவர்கள் நல்ல குளிர்ச்சி என்றார்கள்.

சந்தனமாரி மட்டும் பார்த்தாள். புருஷன் தவமணியின் வீட்டு மொட்டைமாடியில், நாலு மாத வயிற்றோடு மிளகாய் வத்தலைப் புரட்டிக்கொண்டிருந்தவள், கூடவே புரண்டுகொண்டிருந்த தன் கையின் நிழல் காணாமல் போனதைப் பார்த்து, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பிறகு காலடியில் தேடி, பிறகு வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழே கூடத்தில் அவளுடைய நாத்தனார் சீனியம்மாள் மணி அடிக்கிற சத்தமும் சந்தன வாசமும் படி வழியாக ஏறி வந்தன. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசை அன்றிலிருந்து சாமிக்கு மட்டும் இல்லை, கூடத்துப் பெட்டியில் கிடந்த பிராணிக்கும்தான்.

அந்தப் பிராணியைத் தவமணி வாங்கி வந்தது கல்யாணத்துக்கு முன்னால். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்து, நாள் முழுக்க அடுத்தவர் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற அவன் கண்ணில், யாரோ ஒரு வெள்ளைக்காரன் பச்சைப் பல்லி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிற வீடியோ பட்டது. பட்டது பட்டதுதான், அதன் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னைக்குப் போய் விசாரித்து வாங்கினான். "உள்ளங்கையத் தாண்டாதுண்ணே, ஒரு மூலையில போட்டா அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்று சொல்லி, மிட்டாய் டப்பாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தான் விற்றவன். வந்தபோது சாண் நீளத்தில், கொழுந்து வெற்றிலை நிறத்தில், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அதற்கு என்ன பெயர் என்று விற்றவன் சொன்னதைத் தவமணி பஸ்ஸிலேயே மறந்துவிட்டான். கேட்டவர்களுக்கெல்லாம், "உடும்பு. ஃபாரின் உடும்பு" என்றான்.

அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது. உடும்பைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் கிடையாது: முட்டை திருடும், கோழிக் குஞ்சைத் தூக்கும், பொந்தில் கிடக்கும், பிடித்தால் விடாது. ஆகவே காலையில் அவித்த முட்டை, மாலையில் கோழி ஈரல். அது முகத்தைத் திருப்பியபோது சீனியம்மாள் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி வாயைப் பிளந்து ஊட்டினாள். அன்போடுதான் ஊட்டினாள், அதில் குறை சொல்ல முடியாது. பொந்தில் கிடக்கிற ஜாதிக்கு இது போதும் என்று, மூடிப்போன பேக்கரி ஒன்றின் பலகாரக் கண்ணாடிப் பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்து, உள்ளே மஞ்சள் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்குள் விட்டார்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்பக்கம், கடைக்காரர் கைவிட்டுப் பலகாரம் எடுக்கிற பக்கம், வெளியிலிருந்து மட்டும் தள்ளித் திறக்கிற கதவு.

உள்ளங்கையைத் தாண்டாது என்றது முழங்கையைத் தாண்டி, ஆள் கையைத் தாண்டி, வாலை மடித்துப் போட இடமில்லாமல் கண்ணாடியோடு அழுந்திக் கிடக்கிற அளவுக்கு வளர்ந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். விரலை மடக்கிக் கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்று கூப்பிட்டு, போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஆரம்பத்தில் அது பார்த்தது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு, பெட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டே போகவும் வரவுமாக இருந்தது, மூக்கு நுனி தோலுரிந்து புண்ணாகிற வரைக்கும். "சேட்டையப் பாரேன், முத்தம் குடுக்குது" என்று வந்தவர்கள் சிரித்தார்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்தனமாரிக்கு அதைக் கண்டால் பயம். கடிக்கும் என்று இல்லை. அது ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் பயம். சீறவில்லை, கத்தவில்லை, தன்னை என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியாமல் தேய்த்துக்கொண்டே இருந்தது. அவளுக்கு மசக்கை வந்த மாதத்தில் அது காலை ஊன்றி எழ முடியாமல் வயிற்றால் இழுத்து இழுத்து நகர ஆரம்பித்தது. அந்தச் சித்திரை வெள்ளியன்று பெட்டியைத் துடைக்கப் போன சீனியம்மாள், அதன் உச்சந்தலையில் எள்ளளவுக்கு வெளிறிய ஒரு புள்ளியைப் பார்த்தாள். உற்றுப் பார்த்தால் புள்ளியும் உற்றுப் பார்த்தது. "தவமணி, நெத்திக்கண்ணுடா!" என்று உடம்பு சிலிர்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சந்தனத்தைக் குழைத்துக் கட்டியாக அதன் மேல் அப்பி, குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். அந்த நேரத்தில்தான் மாடியில் சந்தனமாரியின் நிழல் போனது.

முதலில் தெரு கொண்டாடியது. சித்திரைக் கத்திரியில் மற்ற தெருக்காரர்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரியும்போது காளவாசல் தெருக்காரர்கள் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்தத் தெருவுக்கு இல்லை. அப்பளம் காயாமல் பூசணம் பூத்த பிறகு, துவைத்த துணி காயாமல் நாற்றமடித்த பிறகு, சமையல் செய்கிறவர்களுக்கு இருமல் வந்த பிறகுதான் அம்மன் கோயில் வாசலில் கூட்டம் கூடி, பூசாரி வெள்ளைச்சாமியைக் கேட்டது.

"பகல்ல வெயில் மறைஞ்சா அதுக்குப் பேரு கிரகணம்" என்றார் வெள்ளைச்சாமி.

"கிரகணம்னா விடணும்ல சாமி?"

"விடுற வரைக்கும் கிரகணம்தான்."

இரண்டாவது தடவையாக ஒரு பெயர் எல்லாவற்றையும் முடிவு செய்தது. கிரகணம் என்றால் கோயிலைப் பூட்ட வேண்டும், பூட்டினார்கள். கிரகணத்தில் உலை வைக்கக் கூடாது. வைக்காமல் இருந்து, பிள்ளைகள் பசியில் கத்தியதும், அரிசியில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டால் தோஷமில்லை என்று வெள்ளைச்சாமி வழி சொன்னார், அதிலிருந்து தெருவில் எந்த வீட்டுச் சோற்றிலும் ஒரு புல் கிடந்தது. கிரகணத்தில் நல்ல காரியம் கிடையாது. நிச்சயித்த கல்யாணங்கள் தள்ளிப் போய், பிறகு சத்தமில்லாமல் நின்றன. வீட்டு வாசலெல்லாம் மஞ்சள் பல்பு தொங்கவிட்டார்கள், பகலெல்லாம் எரிந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து, டீக்கடைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றுகொண்டு, இந்தப் பக்கத்து மங்கலையும் பல்புகளையும் அதனடியில் போகிற வருகிற மனிதர்களையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். தெருக்காரர்களும் பழகி, யாராவது கூப்பிட்டால் நின்று முகத்தைக் காட்டினார்கள். மனுஷனுக்கு எதுவும் பழகிவிடுகிறது, அதுதான் அவனிடம் உள்ள பெரிய கோளாறு.

கிரகணத்தில் கர்ப்பிணி வெளியே தலைகாட்டக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. சீனியம்மாள் சந்தனமாரியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் வெளியே இருந்தது. பிறகு, கூடத்தில் நசநசவென்று ஆட்கள் வருகிறார்கள், பேச்சுத் துணைக்கும் ஆச்சு என்று கண்ணாடிப் பெட்டியையும் அதே அறைக்குள் தள்ளிவிட்டார்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து சந்தனமாரியும் அதுவும் எதிரும் புதிருமாக ஒரே மஞ்சள் பல்பின் கீழ் கிடந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் உள்ளறைக்கே வந்தார்கள். டொக் டொக் என்று தட்டி, "இங்க பாரு, இங்க பாரு" என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் வயிற்றுக்குள் பிள்ளை துள்ளி விழுந்தது.

"மதினி, ஒரு எட்டு தெருமுன வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன். அந்தப் பக்கம் வெயில்தான அடிக்குது. மேல பட்டா நல்லா இருக்கும் போல இருக்கு."

"ஏத்தா, ஒனக்காக நான் சொல்லல. வயித்துல கெடக்குறதுக்காகச் சொல்றேன்." சீனியம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். "எனக்கு வயித்துல பிள்ள இருந்தப்ப ஒரு கொடம் தண்ணிக்குத்தான் போனேன். கிரகணம் விட்டிருச்சுன்னு நெனச்சுப் போனேன். ஒதடு ரெண்டாப் பொளந்து வந்து பெறந்துச்சு. மாரு நெறையப் பால கட்டிக்கிட்டு, அது குடிக்கத் தெரியாம அழுது அழுது அடங்குறத நான் பாத்தேன். நீ பாக்க வேண்டாம்."

அதற்கு மேல் சந்தனமாரியால் என்ன சொல்ல முடியும்? அந்தப் பயம் பொய்யில்லை. அது சீனியம்மாளின் கையிலிருந்து அவள் பாதத்துக்கு ஏறி, வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வளைகாப்புக்கு அழைக்க வந்த அவளுடைய அம்மா வீட்டாரைச் சீனியம்மாள் தெருமுனையிலேயே நிறுத்தி, கிரகணம் விட்டதும் சொல்லி அனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வளையல் தட்டோடு நின்றுவிட்டுப் போனதாக யாரோ சொன்னார்கள்.

ஆடியில் தெருக்காரர்களுக்கு உடம்பு தளர ஆரம்பித்தது. உட்கார்ந்தவர்கள் கையூன்றி எழுந்தார்கள். மாவு இடிக்கிறவர்களுக்கு உலக்கை நழுவியது. பற்கள் வலிக்காமல், ரத்தம் வராமல், பழுத்த இலை மாதிரி கழன்று கையில் வந்தன. வெளியில் எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வேலைக்கு வெளித்தெருவுக்குப் போகிற ஆண்கள் டீக்கடை வரைக்கும் போய், கொஞ்ச நேரம் நின்று, ஏதோ மறித்த மாதிரி மூஞ்சியைத் தடவிக்கொண்டு திரும்பினார்கள். ஏன் போகலை என்று கேட்டால், "போகலாம், என்ன அவசரம்" என்றார்கள். போகாமல் இருக்கவும் முடியாமல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார்கள், திரும்பி நடந்தார்கள். தவமணியும் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு அவர்களோடு நடந்தான். ஒருநாள் சோறு கொண்டுவந்து வைக்கக் குனிந்தவனின் மூக்கு நுனியில் சந்தனமாரி ஒரு சின்னப் பொருக்கைப் பார்த்தாள்.

"என்னங்க அது மூக்குல?"

"என்னது? ஒண்ணுமில்லயே."

சீனியம்மாளுக்கும் இருந்தது. எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கும், அவள் இடுப்பிலிருந்த பிள்ளைக்கும் இருந்தது. சந்தனமாரி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அது தேய்த்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் யாரைக் கூப்பிட்டு என்னவென்று கத்துவது என்று தெரியவில்லை.

அது முட்டையை அடியோடு மறுத்து, ஊட்டியதையும் கக்க ஆரம்பித்த பிறகுதான் தவமணி பயந்துபோய் மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஜெபராணிக்குப் போன் போட்டான். தெரு தளர ஆரம்பித்த பிறகு கோட்டைத் தாண்டி வந்த ஒரே வெளியாள் அவர்தான். வந்தவர் பெட்டிக் கதவைத் தள்ளித் திறந்து, அதை மடியில் எடுத்துப் போட்டு, தாடையை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். தாடை பிசைந்த அப்பள மாவு மாதிரி வளைந்தது.

"இத யாரு உடும்புன்னு சொன்னது?"

தவமணி பக்கத்திலிருந்த முட்டைத் தட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நான் ஆடு மாடு பாக்குறவ. சென்னையில இதெல்லாம் பாக்குற சிநேகிதிகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன். இதுக்குப் பேரு இகுவானா. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மரத்து மேல வெயில்ல படுத்துக்கிட்டு எல தின்னுக்கிட்டுக் கெடக்குற சீவன். ஒரு முட்டகூடத் தின்னக் கூடாது. இதுக்குப் போயி ஈரலும் முட்டையும் குடுத்து, வெயில் காட்டாம வச்சிருக்கீங்க. வெயில் படலேன்னா எலும்புல சுண்ணாம்புச் சத்து சேராது. கண்ணாடி வழியா வர்ற வெயிலும் பத்தாது, நேரா மேல படணும்."

"வெயிலுக்கு எங்க போறது டாக்டர்? தெருவே கிரகணத்துல கெடக்கு" என்று சொல்லித் தவமணி சிரித்தான். அவனுடைய முன்பல் ஒன்று இல்லை.

டாக்டர் அதன் தலையைப் பார்த்தார். வெள்ளிக்கு வெள்ளி அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து காய்ந்து அடையாக ஏறியிருந்தன. "இது என்ன?"

"நெத்திக்கண்ணு" என்றாள் சீனியம்மாள் பயபக்தியோடு.

"கண்ணுதாம்மா. வெளிச்சமா இருட்டான்னு பாக்குறதுக்கு உச்சியில வச்சிருக்குற கண்ணு. அத அடச்சுப்புட்டா பகலு எது ராத்திரி எதுன்னு தெரியாம என்ன பண்ணும்?" துடைக்கப் போன கையைச் சீனியம்மாள் பிடித்துக்கொண்டாள், வெள்ளிக்கிழமை அதுவுமாகக் குங்குமத்தை அழிக்கக் கூடாது என்றாள். டாக்டர் ஒரு நிமிஷம் அவள் மூக்கையே பார்த்தார். பிறகு சுற்றியிருந்த எல்லார் மூக்கையும் பார்த்தார். போகும்போது சந்தனமாரியிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னார்: "நான் மனுசங்களுக்கு டாக்டர் இல்ல. ஆனா எலும்பு எல்லாத்துக்கும் எலும்புதாம்மா. வயித்துல இருக்குறதுக்கும். என் நம்பர் இருக்குல்ல?"

அதன் பிறகு பிள்ளையின் உதை மாறியது. முன்பு டொக் டொக் என்றால் துள்ளி விழுந்தது, இப்போது ஈரத் துணியைச் சுவரில் எறிந்தாற்போல் பொத்தென்று விழுந்து, நழுவி, கிடந்தது. சந்தனமாரி வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். குதிகாலா முழங்காலா என்று கண்டுபிடிக்கிற மாதிரி கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்பட வேண்டும், தட்டுப்படவில்லை. வெளியே போனால் உதடு பிளந்துவிடும். உள்ளே இருந்தால் எலும்பே இல்லாமல் பிறக்கும். இரண்டில் எந்தப் பயத்தைக் கட்டிக்கொண்டு அழுவது என்று அவள் பெட்டியைப் பார்த்தபோது, அது தேய்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கு நடப்பதைச் சொல்லத் தெரியாத அது, ஒரு தெரு முழுக்க அதை நடத்திக் காட்டியும் இன்னும் யாருக்கும் விளங்கவில்லையே என்று பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. அவள் டாக்டருக்குப் போன் போட்டு, தெருமுனைக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சோறு வைக்கச் சீனியம்மாள் தாழ்ப்பாளைத் திறந்தபோது, பெட்டியின் பின்கதவு திறந்திருந்தது. சந்தனமாரி அதை மடியில் கிடத்தி, விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டு அதன் உச்சியிலிருந்த அடையைக் கரைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடி வரைக்கும் துடைத்த பிறகு எள்ளளவுப் புள்ளி தெரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை, அறை மங்கலாகவேதான் இருந்தது. வெயிலே இல்லாத இடத்தில் கண்ணைத் திறந்து என்ன ஆகப் போகிறது? அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறந்த பிள்ளையின் கனம்கூட இல்லை. உடும்புப் பிடி என்று ஊரே சொல்கிற பிடிக்காக அவள் தோளை இறுக்கிக்கொண்டு நின்றாள். அதுவோ, சுருண்டு வளர்ந்த நகங்களால் அவள் சேலையைப் பற்றப் பார்த்து, முடியாமல் நழுவியது. ஒரு கையால் அதையும் ஒரு கையால் வயிற்றையும் தாங்கிக்கொண்டு, சீனியம்மாளைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.

"ஏத்தா! ஏ பாதகத்தி! தவமணி, பிடிடா அவள!" சீனியம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். தவமணி தெருவின் அந்த முனைக்கு நடந்து போயிருந்தான். கிரகணத்தில் கர்ப்பிணி வருகிறாள் என்று வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினார்கள். மஞ்சள் பல்புகளின் கீழே, யாருமில்லாத தெருவில், பூட்டிய கோயிலைத் தாண்டி, அப்பளம் காய்ந்த காலத்துச் சேலைக் கறைகளைத் தாண்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், டீக்கடைக் கோட்டுக்கு வந்ததும் நின்றாள். முன்னால் கண்கூசுகிற வெயில். காலைத் தூக்கி வைத்தாள். மூக்கு நுனி எதிலோ முட்டியது, கண்ணுக்குத் தெரியாத, வழுவழுவென்று சில்லிட்ட ஒன்றில். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள், முட்டியது. இன்னும் நகர்ந்தாள், மூக்கைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் அவளுக்கு உயிரே போனது.

அந்தப் பக்கம் வேனில் வந்த கூட்டம் அவளைப் பார்த்துவிட்டது. போன்கள் உயர்ந்தன. யாரோ ஒருவர் விரலை மடக்கி, ஒன்றுமில்லாத இடத்தில் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. "இங்க பாரு, இங்க பாரு!" என்றார். வயிற்றுக்குள் பிள்ளை பொத்தென்று விழுந்தது. "வாயும் வயிறுமா இருக்குப்பா, பாவம்" என்று இரங்கி, ஒரு அம்மாள் டீக்கடைத் தட்டிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து உரித்து அவள் காலடியில் உருட்டிவிட்டாள்.

"கதவத் தொறங்க" என்றாள் சந்தனமாரி. "வெளியில இருந்துதான் தொறக்கும். யாராவது தொறங்க." அவர்கள் சிரித்துக்கொண்டே படம் பிடித்தார்கள்.

சீனியம்மாள் வந்து அவள் முந்தானையைப் பற்றினாள். சந்தனமாரி திரும்பி, மூச்சு வாங்க, "மதினி, ஒங்க மூக்கத் தொட்டுப் பாருங்க" என்றாள். சீனியம்மாள் தொட்டாள். விரலில் ரத்தம் இருந்தது. அதைப் பார்த்தாள், சந்தனமாரியின் மூக்கைப் பார்த்தாள், தோளில் சாய்ந்திருந்த அதன் மூக்கைப் பார்த்தாள். அவள் கை முந்தானையை விட்டது.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு டாக்டர் ஜெபராணி வந்தார். அங்கே ஒன்று மறித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தெரியாததால் கையை நேராக நீட்டினார், கை நேராக உள்ளே வந்தது. சந்தனமாரி முதலில் அதைக் கொடுத்தாள். வெயில் பட்டதும் சாம்பலாகக் கிடந்த அதன் முதுகில் எங்கோ ஒரு பச்சை ஓடி மறைந்தது. பிறகு அவள் தன் கையைக் கொடுத்தாள். கோட்டைத் தாண்டி நின்றவளின் காலடியில், வயிறு பெருத்த அவளுடைய நிழல் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் வாய்விட்டு அழுதாள்.

வெயில் ஒரே நாளில் திரும்பவில்லை. மாட்டாஸ்பத்திரி மாடியில் கம்பிவலைக் கொட்டகை போட்டு, முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும் போட்டு டாக்டர் அதை வைத்திருந்தார்; அதன் எலும்பு தேறத் தேற, வெயில் தெருமுனையிலிருந்து வீடு வீடாக உள்ளே நகர்ந்தது. தாடை மட்டும் கோணலாகவே நின்றுவிட்டது, பின்னங்கால் ஒன்று மடங்கியபடியே. அதை அதனுடைய ஊருக்கு அனுப்ப வழியில்லை, இந்த ஊர்க் காட்டில் விடவும் முடியாது, உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த மாடிதான் என்றார் டாக்டர். தெருக்காரர்கள் அப்பளம் காயப்போட்டார்கள். கோயிலைத் திறந்த வெள்ளைச்சாமி, கிரகணம் விட்டுவிட்டது என்று அறிவித்தார். மூக்கு நுனித் தழும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சந்தனமாரிக்கு ஐப்பசியில் பெண் பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்ததும் சீனியம்மாள் விரலால் முதலில் உதட்டைத் தடவினாள். முழு உதடு. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, என்றைக்கோ அழுது முடித்திருக்க வேண்டிய அழுகையையெல்லாம் அழுதாள். சந்தனமாரி பிள்ளையின் காலை நீவினாள், கையை நீவினாள். உள்ளே கெட்டியாக, நேராக, எலும்பு இருந்தது. விரலைக் கொடுத்தாள். பிள்ளை பிடித்துக்கொண்டது, இழுத்தாலும் வராத பிடி. "ஆத்தி, உடும்புப் பி…" என்று ஆரம்பித்த சீனியம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு மாதத்தில் அன்றைக்குத்தான் சந்தனமாரி பயமில்லாமல் மூச்சுவிட்டாள்.

வார்டுக்குள் ஆண்களை விடவில்லை. தவமணி வெளியே, சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். முகமெல்லாம் பல்லாக, பல் போன இடம் தெரியச் சிரித்து, ஒரு கையால் போனை உயர்த்திக்கொண்டு, மறு கையின் விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினான். டொக் டொக்.

"இங்க பாரு! இங்க பாரு!"

கண்ணே திறக்காத பிள்ளை, சந்தனமாரியின் விரலை விட்டுவிட்டு, நெடுநாள் பழகிய சத்தத்துக்குத் திரும்புவதைப் போல், கண்ணாடிப் பக்கமாக மெல்ல முகத்தைத் திருப்பி, மூக்கை நீட்டியது.